முந்தைய வரியின் மிச்சம்

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோகவில்லை; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தப் பெயரோடு அவருக்கு ஒரு வழக்கு இருந்தது. அது தீராமலே இருக்கும்போது நான் பாட்டுக்கு அதை அச்சில் போடுவது நியாயமாகப் படவில்லை. ஆபீசில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்தவர், பிரிண்டரைப் பார்த்துக்கொண்ட பிரிண்டர் அண்ணன்கூட அக்கா என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறவர், அக்கா என்றால் உடனே திரும்புவார்.

எழுபதுகளின் கடைசி அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் நான் கார்டில் ஓட்டை போடும் வேலையில் இருந்தேன். மெட்ராசில் யாரோ பயன்படுத்தி ஓய்ந்த கம்ப்யூட்டர் ஒன்றை எங்கள் முதலாளி வாங்கி வந்து, ஓர் அறையை அடைத்து நிறுத்தியிருந்தார். அந்தத் தெருவிலேயே ஏ.சி. போட்ட அறை அது ஒன்றுதான். குளிர் எங்களுக்கு இல்லை, மெஷினுக்கு. உப்புக் காற்றில் கார்டுகள் ஊதிப்போய் மெஷினுக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதால் கார்டுக் கட்டுகளும் எங்களோடு அந்தக் குளிரில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். வெயிலில் வந்த ஏஜெண்டுமார் ஏதாவது சந்தேகம் கேட்கிற சாக்கில் உள்ளே வந்து நின்றுவிட்டுப் போவார்கள்.

அக்கா புரோகிராம் எழுதுகிறவர். பாளையங்கோட்டையில் கணக்குப் படித்துவிட்டு மெட்ராசில் பயிற்சி எடுத்து வந்தவர். அவர் பென்சிலால் எழுதித் தருகிற ஒவ்வொரு வரியையும் நான் ஒரு கார்டில், மெஷின் படிக்கிற ஓட்டைகளாகக் குத்துவேன். அவர் எழுதுகிற எந்தப் புரோகிராமிலும் சில வரிகளுக்கு ஒருமுறை ஒரே கட்டளை திரும்பத் திரும்ப வரும். ‘துடை’ என்று அதற்குப் பொருள். எனக்கு அது மனப்பாடமாகி, விரல் தானாகவே குத்திவிடும்.

எதைத் துடைக்க என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். அந்த மெஷினின் நினைவில் இடம் ரொம்பக் கொஞ்சம். அச்சடிக்க வேண்டிய வரியை ஓர் இடத்தில் எழுத்தெழுத்தாக அடுக்கி வைத்துக்கொண்டு, பிறகு மொத்தமாகப் பிரிண்டருக்கு அனுப்பும். அடுத்த வரிக்குப் புது இடம் கிடையாது. அதே இடத்தில்தான், முதல் எழுத்திலிருந்து, பழையதன்மேல் எழுத வேண்டும். புதிய வரி பழையதைவிட நீளமாக இருந்தால் தொல்லையில்லை, பழையது முழுக்க மூடிவிடும். குட்டையாக இருந்தால்தான் வம்பு. பழைய வரியின் வால் அங்கேயே கிடந்து, புதியதோடு ஒட்டிக்கொண்டு அச்சாகிவிடும்.

அக்கா வருவதற்கு முன்னால் அப்படி நடந்துமிருக்கிறது. துறைமுகத் தொழிலாளிகளுக்கு எந்தக் கப்பலில் எந்த ஷிப்டில் வேலை என்று தினமும் சீட்டு அடித்துக் கொடுப்போம். ஒருநாள் பர்னாந்தோ என்கிறவருக்கு அடுத்து ரோச் என்கிறவரின் சீட்டு. பர்னாந்தோவுக்கு ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, ரோச்சுக்கு ஐந்து. ரோச்சின் ஐந்தும் பர்னாந்தோவின் முதல் ஐந்தின்மேல் போய் உட்கார, மிச்சம் மூன்றும் அசையாமல் கிடந்தன. அச்சில் வந்தது ‘ரோச்சேந்தோ’. அந்த மனிதர் சீட்டைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“ஏளா, எம் பேரு ரோச். இந்த ரோச்சேந்தோ யாரு? இன்னைக்கு வேலைக்கு நா போவட்டா, அவன் போவட்டா?”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துறைமுகத்தில் அது பட்டப் பெயராகவே நிலைத்துவிட்டது. அவர் மகனையும் பள்ளிக்கூடத்தில் ரோச்சேந்தோ மவன் என்றார்களாம். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இந்தக் கதையை ரசித்துச் சொல்ல, அவர் சிரிக்கவில்லை. “இனி அது அவரை விட்டுப் போவாதே” என்றார். அடுத்த முறை அந்த ரோச் வந்தபோது, தான் செய்யாத தப்புக்கு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். ரோச் பயந்துபோய், “பரவால்ல தாயி, கூப்பிட்டா திரும்பிப் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார்.

மெட்ராஸ்காரரான எங்கள் மேனேஜருக்கும் அக்காவுக்கும் இந்தத் துடைப்பதில்தான் தகராறு. பெயருக்குப் பின்னால் வெறும் இடத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் பழையது தானாக மறைந்துவிடுமே, தனியாக ஒரு கட்டளை எதற்கு, இருக்கிற இடமே போதவில்லை என்பது அவர் கட்சி. கணக்குப்படி அவர் சொன்னது சரிதான், பல இடங்களில் அந்தக் கட்டளை தண்டம்தான்.

“மறையுறது வேற, இல்லாம போறது வேற சார்” என்பார் அக்கா.

“மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“முதல்ல இருந்து ஆரம்பிக்கிறதும் தொடச்சிட்டு ஆரம்பிக்கிறதும் ஒண்ணாகாது சார்.”

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்விடுவார்.

கம்ப்யூட்டரோடு இது நிற்கவில்லை. கழுவிக் கவிழ்த்த தம்ளராக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டுத்தான் காப்பியை வாங்குவார். ஒருவர் எழுந்த நாற்காலியில் உடனே உட்கார மாட்டார். பென்சிலை அழுத்தி எழுதும் பழக்கம் உண்டு. ஒரு தாளைக் கிழித்தால் அடியில் இருக்கிற வெறும் தாளையும் சேர்த்துக் கிழிப்பார், மேல்தாளின் தடம் அதில் பதிந்திருக்குமாம். பேப்பர் வாங்கித் தருகிற ஸ்டோர்காரர் என்னிடம் வந்து முறையிடுவார். நாங்கள் அக்காவைக் கொஞ்சம் கழன்ற கேஸ் என்று பேசிக்கொண்டதுண்டு. ஆனால் அவர் வந்த பிறகு ஒரு சீட்டில்கூட ஒருவர் பெயரின் வால் இன்னொருவர் பெயரில் ஒட்டவில்லை.

இன்னொன்று, அவர் காதில் கம்மல் கிடையாது. காதில் ஓட்டையே கிடையாது. நகை போடாத சபையைச் சேர்ந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு, அப்படி ஒருவர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை நெற்றியில் திருநீறோடு வந்து நின்றார். குழம்பிப்போனேன். கேட்க வாய் வரவில்லை.

அது தெரியவந்தது பிரிண்டர் அண்ணன் வீட்டு விஷயத்தில். அண்ணனுக்கு ஊர் புன்னைக்காயல், மீன்பிடிக்கிற கடலோரக் கிராமம். முதல் பையன் சவேரி, நடக்க ஆரம்பித்த வயதில் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். மறுவருஷம் இன்னொரு பையன் பிறந்தான். அண்ணன் ஆபீசில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்து, வருகிற ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் என்றார். என்ன பெயர் என்று யாரோ கேட்டார்கள்.

“அதே சவேரிதான். போனவன் திரும்பி வந்துட்டாம்லா” என்றார் அண்ணன்.

அக்கா வாயில் போட்ட மிட்டாயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஞானஸ்நானத்துக்கு முந்தைய ஞாயிறே, வா ஓர் இடத்துக்குப் போகலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கையில் ஒரு பொட்டலம் மக்ரூன். பிள்ளை பார்க்கத்தான் போகிறோம் என்று நானும் சந்தோஷமாகப் போனேன். அண்ணன் வீட்டில் இல்லை, வலை வாங்கிய விஷயமாக எங்கேயோ போயிருந்தார். அவர் மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா பிள்ளையைத் தொடக்கூட இல்லை. உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“வேற பேரு வைம்மா. இந்தப் பிள்ளைக்குன்னு ஒரு பேரு வை. அந்தப் பேரு அவனோட போவட்டும்.”

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

“எம்மவன் பேர எம்மவனுக்கு வைக்கேன். ஒங்களுக்கு என்ன வந்துச்சு?”

“இவன் வேற, அவன் வேறம்மா. இவனப் பாக்கும்போதெல்லாம் ஒனக்கு அவன்தான் தெரிவான். இவன நீ பாக்கவே மாட்ட.”

அந்தப் பெண் அழத் தொடங்கினாள். பிள்ளையும் அழுதது. அழுதபடியே அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. “சவேரின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகுன வாயிக்கா. ஒரு வருசமா அந்தப் பேரச் சொல்ல ஆளில்லாம நா கெடந்த கெட ஒங்களுக்குத் தெரியுமா? இப்பதான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஒரு சத்தம் திரும்பி வருது. அதயும் வேண்டாங்கியளே.”

அக்கா மக்ரூன் பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார். நானும் பின்னாலேயே வந்தேன். அதை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை, பிரிக்கவும் இல்லை. எனக்குக் கூச்சமாகவும் கோபமாகவும் இருந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, “உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலை?” என்று கேட்டே விட்டேன். அப்போதுதான் சொன்னார்.

அவருக்கு முன்னால் ஒரு பெண் பிறந்திருக்கிறது. அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயரை அதற்கு வைத்தார்கள். அது சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டது. அடுத்துப் பிறந்தவர் இவர். ஆச்சி பெயர் வீட்டில் இல்லாமல் போகக் கூடாது என்று அதே பெயரை இவருக்கும் வைத்தார்கள். பெயரோடு மூத்தவளின் பாவாடை, கொலுசு, மரப்பாச்சி எல்லாம் வந்தன.

“அதெல்லாம் இருந்துட்டுப் போவட்டும் ளா. பத்து வயசுல பள்ளிக்கூடத்து டிராமாவுக்கு ஒருத்திகிட்டக் கம்மல் இரவல் வாங்கியாந்தேன். போடப் போனா காதுல ஓட்டையே இல்ல. யம்மாட்டக் காட்டுனேன். ‘திருச்செந்தூர்ல மொட்டை போட்டு, மாமன் மடியில வச்சுக் குத்துனோமே, ஓட்டை அடைஞ்சு தூந்து போயிருக்கும்’னா. தூந்து போனா தழும்பாவது இருக்கணும்லா? அப்பதான் எனக்கு வெளங்குச்சு. குத்துனது எனக்கில்ல.”

மூத்தவளுக்கு நடந்தது எல்லாம் இவருக்கும் நடந்துவிட்டதாக அந்தத் தாய் நம்பிவிட்டாள். பொய் சொல்லவில்லை, பாரபட்சம் காட்டவில்லை. அவள் மனசில் இருந்தது ஒரு பிள்ளைதான். நடுவில் கொஞ்ச நாள் காய்ச்சலில் படுத்திருந்து எழுந்த ஒரே பிள்ளை. அப்பா உடனே ஆசாரியைக் கூப்பிட்டுக் காது குத்தலாம் என்றாராம். இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

“இந்தக் காதுல குத்தவே இல்லன்னு அவ வாயால சொல்லட்டும், குத்திக்கிடுதேன்னேன். அவ சொல்லல. நானும் குத்தல.”

பஸ் வருவதாகத் தெரியவில்லை. அக்கா கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “எனக்குன்னு ஒண்ணு, ஒரே ஒண்ணு, எங்கம்மா ஞாபகத்துல இருக்கான்னு தேடிக்கிட்டே இருக்கேன். கெடைச்சிட்டா போதும். இந்தப் பேரையே வச்சுக்கிட்டு நா நல்லா இருந்துக்கிடுவேன்.”

ஆபீசில் பிரிண்டர் அண்ணன் அதற்குப் பிறகு அக்காவிடம் பல நாள் பேசவில்லை. பிள்ளைக்கு சவேரி என்றே ஞானஸ்நானம் ஆயிற்று. எங்கள் யாருக்கும் அழைப்பு இல்லை.

அன்றிலிருந்து அந்தத் தேடலில் நானும் கூட்டாளி ஆகிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் கார்டுக் கட்டைப் பிரிக்கும்போதே, “நேத்து அவ ஒண்ணு சொன்னா” என்று தொடங்குவார். சமைக்கும்போதோ தலை வாரும்போதோ சின்ன வயதுக் கதையை அம்மாவிடம் மெல்லக் கிளறிவிடுவார். பலசரக்குக் கடை வைத்திருந்த அப்பாவிடம் பிறகு போய் விசாரிப்பார். அந்த மனிதர் தராசைப் பார்த்தபடி, பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், “அது மூத்தவளா இருக்கும்மா” என்பார். கோழி கொத்தியது மூத்தவளை. தேரோட்டத்தில் காணாமல் போனது மூத்தவள். கருப்பட்டிப் பானைக்குள் கைவிட்டு மாட்டிக்கொண்டதும் மூத்தவள்தான். சின்னப் பிராயத்தில் செத்துப்போன ஒரு குழந்தை இத்தனை சேட்டை பண்ணியிருக்கிறது, உயிரோடு இருக்கிற இவர் ஒன்றுமே பண்ணவில்லையா என்று எனக்கே அந்தக் குழந்தைமேல் எரிச்சலாக வந்தது.

ஒருமுறை மட்டும் ஒன்று தேறியது. உப்பளத்துப் பாத்தியில் விழுந்து, சிராய்ப்பில் உப்புத் தண்ணீர் பட்டு ஊரைக் கூட்டிய கதை. அப்பா யோசித்துவிட்டு, “இது ஒன்னோடதா இருக்கலாம்” என்றாராம். அன்றைக்கு அக்காவைப் பார்க்க வேண்டுமே! எங்கள் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார். மேனேஜர் ஏதோ கேலி பண்ணியதற்குக்கூடச் சிரித்தார். முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் அப்பாவே சொல்லிவிட்டார்: உப்பளத்துப் பக்கத்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தது இவர் பிறப்பதற்கு முன்னால். அந்த மனிதர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா அன்று முழுவதும் அடுக்கிய கார்டுகளையே திரும்ப எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை.

அம்மா இறந்ததும் அக்கா வேலையை விட்டுவிட்டு பம்பாய்ப் பக்கம் போனார் என்று கேள்வி. அதற்கு முன்பே எனக்குக் கல்யாணமாகி நான் திருநெல்வேலி வந்துவிட்டேன். ஒருமுறை பொங்கல் வாழ்த்து அனுப்பினார், பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. கடைசியாக அவரை அவர் வீட்டில் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதோடு ஞாபகமும் குழம்பத் தொடங்கியது. அக்கா லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். ஒருநாள் சாயங்காலம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போனேன். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அம்மா படுத்திருந்தாள். நான் நினைத்துவைத்திருந்த மாதிரி இல்லை, சின்ன உருவம், பார்க்கப் பாவமாக இருந்தாள். அக்கா அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

அம்மா மகளையே உற்றுப் பார்த்தாள். திடீரென்று முகம் மலர்ந்துவிட்டது.

“ஏளா, வந்துட்டியா! காய்ச்சல் விட்டிருச்சா?”

அக்காவின் கை நின்றது. மூத்தவள் என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள் என்பது எனக்கே புரிந்தது. கொஞ்ச நாளாகவே இப்படித்தானாம். ஒவ்வொரு தடவையும் அக்கா, “யம்மா, நா அவ இல்ல, ரெண்டாவது” என்று திருத்துவாராம். அன்றைக்கு என்ன தோன்றியதோ, திருத்தவில்லை.

“விட்டிருச்சும்மா” என்றார்.

“நல்லதாப் போச்சு. இங்கன வா, பக்கத்துல இரி.” நல்ல கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தணித்தாள். “ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிடக் கூடாது. நீ போனப் பொறவு இன்னொரு பிள்ள பொறந்துச்சு. ஒம் பேர அதுக்கு வச்சிட்டோம்.”

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது, போகவும் முடியவில்லை. அத்தனை வருஷத்தில் அந்தத் தாய் இரண்டு பிள்ளைகளை இரண்டாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“கோவமில்லம்மா. அந்தப் பிள்ள எப்படி இருக்கும்?”

“நல்ல பிள்ள. ஒன்ன மாதிரி சேட்டையெல்லாம் கெடையாது. சத்தமே இருக்காது. நா பாக்கும்போதெல்லாம் என்னையே பாத்துக்கிட்டு நிக்கும்.”

“அதுக்கு என்ன பிடிக்கும்மா?”

அம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், நெற்றி சுருங்கியது, உதடு அசைந்தது. மூத்தவளுக்குப் பிடித்ததெல்லாம் நுனி நாக்கில் இருந்திருக்கும். அதைச் சொல்லாமல் தாண்டித் தாண்டித் தேடினாள். வெளியே கடையில் யாரோ அப்பாவிடம் பொட்டுக்கடலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலியே ளா” என்றாள் அம்மா. கண் கலங்கிவிட்டது. “நா கேட்டதே இல்ல. அது எங்கிட்ட வாய் தொறந்து ஒண்ணும் கேக்காது. நீ பாத்தா கேட்டுச் சொல்லுதியா? செஞ்சு குடுப்போம்.”

அக்கா அவள் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

“சரிம்மா. கேட்டுச் சொல்லுதேன்.”